சுவரைத் துளைக்கும் முன் சுவருக்குள் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

"கேபிள் டிவி காலமெல்லாம் போச்சு சார், அந்தக் கருப்பு ஒயரை வெட்டிப் போட்டுடலாம்." ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருகிறவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம். பிறகு மாடியில் சிக்னல் இல்லை என்று புலம்பினால், ரிப்பீட்டர் வாங்குங்கள் அல்லது சுவரைத் துளையுங்கள் என்கிறார்கள். இரண்டுமே வீண் செலவு என்கிறேன் நான்.

காங்கிரீட் தளத்தையும் அதற்குள் இருக்கும் கம்பிகளையும் தாண்டுவதற்குள் வைஃபை அலை நலிந்துவிடும். ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவு ரிப்பீட்டரோ இருக்கிற வேகத்தையும் ஏறக்குறைய பாதியாக்கும். மாடியில் ஆன்லைன் வகுப்பு கேட்கும் பிள்ளை, படிக்கட்டில் உட்கார்ந்து படிப்பது இதனால்தான்.

இப்போது அந்தக் கருப்பு ஒயருக்கு வருவோம். அதன் பெயர் கோஆக்சியல் கேபிள். நடுவில் கம்பி, சுற்றிலும் வெள்ளை நுரை, அதன்மேல் அலுமினியத் தாளும் பின்னலும். வெளி இரைச்சல் எளிதில் உள்ளே புகாது. கேபிள் டிவி சேனல்கள் ஏறத்தாழ 1000 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே 1125 முதல் 1675 வரை உள்ள காலி இடத்தில் இன்டர்நெட்டை அனுப்பலாம். இந்த முறைக்கு மோக்கா என்று பெயர். இதற்கான கூட்டமைப்பு 2004-லேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. மோக்கா 2.5 தரத்தில் அதிகபட்ச வேகம் நொடிக்கு 2500 மெகாபிட்.

செய்முறை எளிது. கீழே ரவுட்டர் பக்கத்தில் ஒரு அடாப்டர், மாடியில் டிவி பாயிண்ட்டில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே பழைய ஒயர். மாடி அடாப்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் ஒயர் போடலாம், அல்லது ஒரு வைஃபை பெட்டி வைக்கலாம்.

மூன்று எச்சரிக்கைகள். பழைய ஸ்பிளிட்டர்கள் பெரும்பாலும் 1000 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அவற்றை மாற்ற வேண்டும். அடுத்து, டிஷ் ஆன்டெனா ஒயரில் இதைச் சேர்க்காதீர்கள். டிஷ் சிக்னல் 950 முதல் 2150 வரை ஓடுவதால் இரண்டும் மோதும். மூன்றாவது மிக முக்கியம். நம் தெருவில் கேபிள் வீட்டுக்கு வீடு கிளை பிரிந்து போகிறது. வெளி ஒயரைக் கழற்றிவிடுங்கள், அல்லது அது நுழையும் இடத்தில் மோக்கா ஃபில்டர் போடுங்கள். அடாப்டருக்குக் கடவுச்சொல்லும் வையுங்கள். இல்லையென்றால் உங்கள் சிக்னல் பக்கத்து வீட்டுக்கும் போகலாம்.

"அடாப்டர் விலை அதிகம், உள்ளூர்க் கடையில் கிடைக்காது" என்பீர்கள். உண்மைதான். லேன் ஒயர் இழுக்கக் காலிக் குழாய் இருந்தால் அதையே செய்யுங்கள், அதுதான் மலிவு. குழாயும் இல்லை, சுவரைத்தான் உடைக்க வேண்டும் என்றால் கொத்தனார் கூலி, பூச்சு, பெயின்ட் எல்லாவற்றையும் கூட்டிவிட்டு அப்புறம் விலையைப் பேசுங்கள்.

வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோருக்கு ரிப்பீட்டர் மேல் ரிப்பீட்டராக அனுப்பும் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டின் டிவி பாயிண்ட்டுகளை எண்ணிப் பாருங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். அதுவரை யாரையும் அதை வெட்ட விடாதீர்கள். பழையது என்பதாலேயே ஒன்று குப்பையாகிவிடாது.