போர்ட்டா கேபின் சுவரும் ஒரு இன்ச் ஸ்க்ரூவும்

"டெம்பரரி தானே சார்!"

சைட்டில் ஒரே ஒரு வார்த்தையைத் தடை செய்யலாம் என்று எனக்கு அதிகாரம் கொடுத்தால் இந்த டெம்பரரியைத்தான் தடை செய்வேன். வேலை முடிந்ததும் கேபினை லாரியில் ஏற்றிவிடுவார்கள், அதனால் டெம்பரரி. சரி. ஆனால் வேலை மூணு வருஷம். மூணு வருஷமும் ஒருத்தன் தலைவைத்துப் படுக்கிற இடத்துக்கு மேலே சுத்துகிற ஃபேனுக்கு, தான் டெம்பரரி என்று தெரியுமா?

நான் இருப்பது குஜராத்தில், கட்ச் பக்கம். இங்கே ஆபீஸ், கேன்டீன், தங்கும் ரூம் எல்லாமே போர்ட்டா கேபின்தான். பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபதுக்கு எட்டடி இரும்புப் பெட்டி. ஒரு வகையில் இரும்புச் சதுரக் குழாயில் கூடு கட்டி, வெளியே தகரம், நடுவே கண்ணாடிப் பஞ்சு, உள்ளே 8 அல்லது 9 மில்லிமீட்டர் பலகை. பலகை என்றால் மரம் இல்லை, மரத்தூளைப் பசை போட்டு அழுத்தியது. இன்னொரு வகை பஃப் பேனல். அரை மில்லிமீட்டர் தகரம் இரண்டு, நடுவே 50 மில்லிமீட்டர் நுரை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டுமே கெட்டிச் சுவர் மாதிரிதான் இருக்கும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும், டொம் டொம் என்று :-)

இதில் ஒரு இன்ச் ஸ்க்ரூவை முடுக்கி ஃபேனை மாட்டுகிறார்கள். ஸ்க்ரூவின் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். தகரமோ அரை மில்லிமீட்டர். அதாவது ஒரு முழு மரைகூடத் தகரத்தைப் பிடிக்கவில்லை. மீதி ஸ்க்ரூ முழுக்க நுரையில் நீந்துகிறது. பலகைச் சுவரில் நாலைந்து மரை பிடிக்கும். ஆனால் ஒரு மழைக்காலம் ஈரம் குடித்தால் பலகை உப்பி, ஓட்டையைச் சுற்றிப் பொரிமாவு மாதிரி உதிரும்.

"ஆறு கிலோ ஃபேன்தானே?" என்று கேட்பவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஒன்று. ஃபேனின் எடை சுவரில் இருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் 10 சென்டிமீட்டர். ஆறு தரம் இருபது, வகுத்தல் பத்து. மேல் ஸ்க்ரூவை வெளியே பிடுங்கும் இழுப்பு 12 கிலோ. ஃபேன் சும்மாவும் இருக்காது, இடம் வலம் என்று ராத்திரி முழுக்கத் தலையாட்டும். கேன்டீனில் கை நீட்டி மடக்குகிற ஸ்டாண்டில் 15 கிலோ டிவி மாட்டினார்கள். 45 சென்டிமீட்டர் வெளியே இழுத்துவிட்டு, ஸ்க்ரூ இடைவெளி 15 என்றால் 45 கிலோ இழுப்பு. அதுவும் கிரிக்கெட் நாளில், கீழே நாற்பது பேர்.

எடை கீழே அழுத்தினால் இந்தச் சுவர் ஓரளவு தாங்கும். வெளியே பிடுங்கினால்தான் தாங்காது.

போன வருஷம் இங்கே ஒரு கேபினில் ஃபேன் விழுந்தது. கீழே படுத்திருந்த ஒடியா பையனின் தோளில். தலையில் விழவில்லை, அவ்வளவுதான். விசாரணை நடந்து ரிப்போர்ட்டும் வந்தது. காரணம் என்ன தெரியுமா? "ஃபேன் பிராக்கெட்டில் தொழிலாளர்கள் துணி காயப்போடும் கயிறு கட்டியிருந்தனர்." நடவடிக்கை: சுவரில் எதுவும் மாட்டக்கூடாது என்று போர்டு. அந்தப் போர்டையும் ஸ்க்ரூ போட்டுத்தான் மாட்டினார்கள். சிரிப்பதா அழுவதா?

எட்டுப் பேர் தங்கும் ரூமில் ஒரு கொக்கிகூடக் கொடுக்காமல், ஈரச் சட்டையை அவன் எங்கே போடுவான்? தலையிலா? "இவங்களுக்கு டிசிப்ளின் இல்ல சார்" என்று ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்கிற அதிகாரியின் கேபினில், டிவிக்குப் பின்னால் பிளைவுட் இருக்கிறது. டிராயிங்கிலேயே போட்டு வாங்கியது. ஆக, விஷயம் தெரியாமல் இல்லை.

இதைவிடப் பயங்கரம் வயர். பலகைக்குப் பின்னால் அது எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. கேபின் செய்த ஆளைக் கேட்டேன். "சுவிட்ச் பாக்ஸில் இருந்து நேரா மேலே போகுது சார், கவலைப்படாதீங்க" என்றார். பலகையைக் கழற்றிப் பார்த்தால் குழாய்கூட இல்லாமல் குறுக்கே கோலம் போட்டிருந்தார்கள். ஸ்க்ரூ முனை அந்த வயரைக் குத்தி இரும்புச் சட்டத்தையும் தொட்டால், முழுக் கேபினும் 230 வோல்ட். எர்த்திங்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் ஒழுங்காக இருந்தால் உடனே ட்ரிப் ஆகும். இரண்டும் இல்லையென்றால், மழைத் தண்ணியில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடுகிற முதல் ஆள்தான் அதைக் கண்டுபிடிப்பான்.

செலவு அதிகமாம். கணக்குப் போடுவோமா? எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டை ஓரடி அகலப் பட்டைகளாக அறுத்தால் 32 அடி நீளம் கிடைக்கும். கேபினின் உள் சுற்றளவு 56 அடி. ஆக, இரண்டே ஷீட் 12 மில்லிமீட்டர் பிளைவுட். பலகையை மூடுவதற்கு முன்னால் மாட்டும் உயரத்தில் சுற்றிலும் வைத்து, சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டால் முடிந்தது. மூடுமுன் போனில் நாலு சுவரையும் போட்டோ எடுத்தால் வயர் கதையும் தீர்ந்தது.

ஏற்கெனவே மூடிய கேபின் என்றால், மெயினை அணைத்துவிட்டு ஒரு காந்தத்தைப் பலகைமேல் நகர்த்துங்கள். ஒட்டுகிற இடத்தில் ஸ்க்ரூ தலை, அதன் பின்னால் சட்டம். அதில்தான் துளை. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் பக்கவாட்டிலும் கை வைக்காதீர்கள். பஃப் பேனலில் காந்தம் எங்கேயும் ஒட்டும், பிரயோஜனம் இல்லை. அங்கே போல்ட்டை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து, இரண்டு பக்கமும் அகலத் தகடு வைத்து முடுக்கணும். நுரை நசுங்கும் அளவுக்கு வேண்டாம். வெளி ஓட்டையில் சிலிக்கான் பூசணும். வெல்டிங் வைக்கலாமே என்று ஒரு சூப்பர்வைசர் ஐடியா கொடுத்தார். அந்த நுரை தீப்பிடிக்கும் ஐயா, புகையே ஆளைக் கொல்லும்! ஒட்டுக் கொக்கியை நம்புகிறவர்கள் கட்ச் வெயிலில் மே மாசம் வந்து பார்க்கவும். காலண்டர் தாங்கும்.

கேபினை இடம் மாற்றும்போது கனமானதைக் கழற்றிவிட்டுத்தான் கிரேன் கட்டணும். லாரி குலுக்கலில் லூசான ஸ்க்ரூவில் அப்படியே ஃபேன் ஓட விடுவதையும் இங்கே பார்க்கிறேன்.

1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 34-வது பிரிவு, இலவசத் தங்குமிடம் கொடு, சமையலுக்கும் குளியலுக்கும் தனி இடம் கொடு என்றது. கொக்கிக்குப் பின்னால் பிளைவுட் வை என்று எந்தச் சட்டமும் வந்து சொல்லாது. அது இண்டென்ட் போடுகிற என்னை மாதிரி ஆட்கள் எழுதவேண்டிய ஒரு வரி. "20 x 8 கேபின், 12 எண்ணம்" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறோமே, அதற்குக் கீழே "சுற்றிலும் பிளைவுட் பட்டை, ஆளுக்கு இரண்டு கொக்கி, வயர் குழாயில், மூடுமுன் போட்டோ" என்று சேர்க்க எத்தனை நிமிஷம் ஆகும்?

அடுத்த இண்டென்ட்டில் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பர்ச்சேஸில் இருந்து பதில் வந்துவிட்டது: "டெம்பரரி கேபினுக்கு இது தேவையா?"

தேவை என்று எழுதி, 12 மில்லிமீட்டர் என்பதற்கு அடியில் கோடும் போட்டுத் திருப்பி அனுப்பியாச்சு.