இறங்குவதற்கும் ஏற வேண்டிய இடத்திலா இரவுத் தங்கல்?



நான் மூன்று பக்கம் எழுதி அனுப்பிய புகாருக்கு ஓர் அரசு அலுவலகத்திலிருந்து நேற்று பதில் வந்தது. மொத்தம் இரண்டே வரி. பயணிகள் தங்கள் உடல்நலத்துக்குத் தாங்களேதான் பொறுப்பு என்பது முதல் வரி. நான் குறிப்பிட்ட கூடார முகாம் தங்கள் எல்லைக்குள் வராது என்பது இரண்டாவது வரி. அதைப் படித்துக் கொதித்துப்போய் இதை எழுதுகிறேன்.

லடாக் போகும் தமிழர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுவதும், மணாலி வழியா ஸ்ரீநகர் வழியா என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடப்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால் முன்கதையை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் நானும் என் மனைவியும் மைத்துனர் குடும்பமுமாகப் பத்துப் பேர் டெம்போ டிராவலரில் மணாலியிலிருந்து லேவுக்குக் கிளம்பினோம். மணாலியில் ஓர் இரவு, சர்ச்சுவில் கூடாரத்தில் ஓர் இரவு, மூன்றாம் நாள் லே. பயண ஏற்பாட்டாளர் அச்சடித்துக் கொடுத்த திட்டம் அது. மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரம், சர்ச்சு 4,290 மீட்டர். இடையில் இருப்பது 2,240 மீட்டர். நான் 31 ஆண்டுகள் நீலகிரி மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவன். ஊட்டியின் உயரமும் இதே 2,240 மீட்டர்தான் என்பதை என் ஊர்க்காரர் யாரும் சொல்வார்கள். ஒரு முழு ஊட்டி மலையை ஒரே பகலில் எங்கள் தலைக்கு மேல் அடுக்கி, அதன் உச்சியில் படுக்கச் சொன்னார்கள். அந்தத் தாளில் கணவாய்களின் பெயர் இருந்தது, சாப்பாட்டு நேரம் இருந்தது, படம் எடுக்க நல்ல இடங்கள் எவை என்றுகூட இருந்தது. படுக்கும் இடத்தின் உயரம் மட்டும் இல்லை.

மாலையில் என் மனைவிக்குத் தலைவலி. பிறகு வாந்தி. கூடாரக்காரர் பூண்டு சூப் கொடுத்துவிட்டு, முதல் நாள் எல்லோருக்கும் இப்படித்தான் என்றார். இரவு பதினொரு மணிக்கு மைத்துனர் வந்து என்னை உலுக்கினார்: "மாமா, அக்காவுக்கு மூச்சு வாங்குது, உதடு நீலமா இருக்கு, எந்திரிங்க." நெஞ்சில் கரகரவென்று சத்தம். உடனே கீழே கொண்டுபோக வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. ஓட்டுநரை எழுப்பினேன். அவர் சொன்ன பதிலை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும் என்றார்.

ஆசிரியர் அவர்களே, சர்ச்சுவின் கொடுமை இதுதான். அது இரண்டு பக்கமும் அதைவிட உயர்ந்த கணவாய்கள் சூழ்ந்த இடம். திரும்பிப் போனால் 4,890 மீட்டரில் பாராலாச்சா லா. முன்னே போனால் காட்டா வளைவுகள் என்கிற 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, 5,000 மீட்டருக்கு மேலே இருக்கும் லாச்சுங் லாவைக் கடக்க வேண்டும். உயர நோய்க்கு முதல் வைத்தியம் கீழே இறங்குவது. அந்த வைத்தியத்துக்கே வழி இல்லாத இடத்தில் இரவுத் தங்கலை வைத்திருக்கிறார்கள்.

முன்பின் தெரியாத ஒரு குடும்பம் பக்கத்துக் கூடாரத்திலிருந்து தந்த ஆக்சிஜன் சிலிண்டரால் அந்த இரவு கழிந்தது. வெளிச்சம் வருவதற்கு முன்பே கிளம்பி, சிலிண்டரோடு பாராலாச்சாவை ஏறிக் கடந்து, 3,080 மீட்டரில் இருக்கும் கேலாங் வந்த பிறகுதான் அவள் பேசினாள். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது, இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இன்று நலமாக இருக்கிறாள். ஆனாலும் அந்த இரவு எங்கள் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை.

இதில் யாருக்கும் தெரியாத ரகசியம் எதுவும் இல்லை என்பதுதான் என் கோபம். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் அதே உயரத்தில் ஓய்வு எடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பால பாடம். பகலில் எந்தக் கணவாயைத் தொட்டுவிட்டு இறங்கினோம் என்பதை உடம்பு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இரவு எங்கே தலை சாய்த்தோம் என்பதைத்தான் அது பொறுக்காது. சர்ச்சுவில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் பத்தில் ஆறு பங்குதான்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு சாலைகளையும் பாருங்கள். தூரம் இரண்டிலும் ஏறத்தாழ 430 கிலோமீட்டர்தான். ஸ்ரீநகர் வழியில் சோஜி லா 3,528 மீட்டர். முதல் இரவைக் கழிக்கும் கார்கில் 2,676 மீட்டர். மறுநாள் தாண்டும் ஃபோட்டு லா 4,108 மீட்டர். அந்தச் சாலையின் உச்சியே அதுதான். அதாவது, ஸ்ரீநகர் சாலையின் மிக உயர்ந்த கணவாயைவிட மணாலி சாலையில் நாங்கள் படுத்த படுக்கை உயரத்தில் இருந்தது! முதல்முறை போகிறவர்கள் ஸ்ரீநகர் வழியே ஏறி, லேவில் இரண்டு மூன்று நாள் தங்கி, உடம்பு பழகிய பின் மணாலி வழியே இறங்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் என்ன விளக்கம் தேவை?

சோஜி லா ஆபத்தான பாதை, மண்சரிவு விழும், வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள் என்பார்கள். விழத்தான் செய்கிறது. ஆனால் சரிவு கண்ணுக்குத் தெரிகிறது, தெரிந்தால் வண்டியை நிறுத்துகிறார்கள். நுரையீரலில் நீர் கோப்பதைப் பார்த்து எந்தச் சாவடியும் நிறுத்தப்போவதில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீர் போகத் தயங்குகிறார்கள் என்பார்கள். தயங்குவது நியாயம். அப்படித் தயங்குகிறவர்களை மணாலி வழியே அழைத்துப் போகிறவர்கள் 3,200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்க வைக்கட்டும். பிறகு அதிகாலையில் கிளம்பி, சர்ச்சுவில் படுக்காமல் நேராக லே போகட்டும். ஒரு நாள் கூடும், செலவு கூடும். கூடட்டும்! இளைஞர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். இந்த நோய் வயதையோ உடற்கட்டையோ பார்ப்பதில்லை. மலையிலேயே வாழ்கிற குடும்பம் என்று நாங்களும்தான் தைரியமாகப் போனோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் மணாலி - லே தூரத்தில் 46 கிலோமீட்டரைக் குறைத்தது. பெருமைக்குரிய பணி, மறுக்கவில்லை. ஆனால் சுரங்கம் வருமுன் ரோத்தாங் கணவாயில் திணறித் திணறிப் போன காலத்தில் வண்டிகள் கேலாங்கிலேயே இருட்டிப்போய் நின்றன. அந்தத் தாமதம் பலரின் உடம்பைக் காப்பாற்றியிருக்கிறது. இன்று மணாலியில் காலை உணவை முடித்தவர் மாலைத் தேநீருக்குச் சர்ச்சு போய்விடுகிறார். சாலையை வேகமாக்கிய அரசுக்கு, அந்த வேகம் மனித உடம்பை என்ன செய்யும் என்று சொல்லும் கடமையும் உண்டு.

சொல்கிறார்களா? வெளியூர் வண்டி என்றால் பசுமை வரி வாங்குகிறார்கள். லடாக்கில் சுற்றுச்சூழல் கட்டணம் வாங்குகிறார்கள். வழியில் ஒரு சாவடியில் எங்கள் வண்டி எண்ணையும் ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டார்கள். இன்று இரவு எங்கே படுக்கப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று எச்சரித்து நிற்கும் பலகையை லடாக் போனவர் யாரும் மறக்க மாட்டார். வண்டி மூச்சுவிட எச்சரிக்கை இருக்கிறது, மனிதன் மூச்சுவிட இல்லை. உயரத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் மட்டும் குறைவில்லை. கார்துங் லா 5,359 மீட்டர்தான் என்று கருவிகள் காட்டிய பிறகும் 18,380 அடி என்ற பலகை நெடுங்காலம் நின்றது. 2021-இல் 5,798 மீட்டர் உம்லிங் லா சாலையைக் காட்டி உலக சாதனை என்றார்கள். சாதனையைக் காண வா என்று கூப்பிட்டவர்களே, வந்தவன் விழுந்தால் எல்லைக்கோட்டைக் காட்டுகிறார்கள். சர்ச்சு இமாசலமும் லடாக்கும் சந்திக்கும் இடம். அதனால் அங்கே மூச்சுத் திணறுகிறவர் யாருடைய பொறுப்பும் இல்லையாம்!

எங்கள் நீலகிரியைப் பாருங்கள். கோடைக் கூட்ட நாட்களில் குன்னூர் வழியே ஏறு, கோத்தகிரி வழியே இறங்கு என்று நிர்வாகமே சொல்கிறது. கல்லட்டி வழியே இறங்க வெளியூர் வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. இரண்டாவது கியரில் இறங்கு என்று வளைவுக்கு வளைவு எழுதி வைத்திருக்கிறார்கள். ஊட்டி உயரத்துக்கே எந்த வழியில் ஏறி எந்த வழியில் இறங்குவது என்று சொல்ல முடிகிறபோது, அதைப்போல் இரு மடங்கு உயரத்துக்கு அனுப்புகிறவர்களால் சொல்ல முடியாதா?

அரசிடம் நான் கேட்பது மூன்றே மூன்று. லடாக் பயணத் திட்டம் விற்கும் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இரவும் தூங்கும் இடத்தின் உயரத்தை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும் என்று ஆணையிடுங்கள். மணாலியிலும் தாண்டியிலும் அந்த 500 மீட்டர் விதியைப் பெரிய எழுத்தில், பல மொழிகளில் எழுதி வையுங்கள். சர்ச்சுவில் கூடாரம் போட அனுமதி வேண்டுமென்றால் ஆக்சிஜனும், விரலில் மாட்டி அளவு பார்க்கும் கருவியும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். எல்லை எவருடையது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. திட்டத் தாளை யாராவது நீட்டினால் கணவாய்களின் உயரத்தைக் கேட்காதீர்கள்; இரவு படுக்கும் இடத்தின் உயரத்தைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
கோத்தகிரி.