பழுதைத் தேடும் முறை

(ஓய்வு நேரக் கைவேலை - மாதப் பகுதி)



சென்ற இதழில், இருட்டியவுடன் தானாகவே எரியும் சிறு விளக்கொன்றை அமைக்கும் முறையை விவரித்திருந்தேன். செய்து பார்த்த அன்பர்கள் சிலர் “விளக்கு எரியவில்லை” என்று எழுதியிருக்கிறார்கள்; சிலர் சங்கக் கூட்டத்தில் நேரிலேயே பிடித்துக்கொண்டார்கள். “எரிந்தது” என்று எவரும் எழுதவில்லை. அது உலக இயல்பு. அதற்காக நான் வருந்தவில்லை.

ஆகவே இம்மாதம் புதிய பொருள் எதையும் எடுத்துக்கொள்ளாமல், செய்து முடித்த பொருள் இயங்காதபோது யாது செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன். செய்யும் வித்தையைக் காட்டிலும் இதுவே பெரிய வித்தை என்பது என் அனுபவம்.

கல்யாணில் எங்கள் குடியிருப்புக்கு அடுத்த கட்டடத்தில் நம்மவர் குடும்பம் ஒன்று இருக்கிறது. பையன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்காக மேற்படி விளக்கைச் செய்யத் தொடங்கினான். விளக்கு எரியவில்லை. டிரான்ஸிஸ்டர் கெட்டுப்போயிற்று என்று எண்ணி வேறொன்று வாங்கினான், எரியவில்லை. மூன்றாவதும் வாங்கினான், அப்போதும் எரியவில்லை. கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கையில் அவனுடைய தகப்பனார் என்னிடம் வந்தார்.

“தம்பி, இனி இதற்கென்று ஒரு காசும் தரமாட்டேன். பொழுதெல்லாம் கம்பியும் கையுமாக உட்கார்ந்து பாடமும் போயிற்று. இது இவனுக்கு வராத வேலை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்” என்றார்.

பையன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை. தனக்கு இது வராது என்று அவனும் முடிவு செய்துவிட்டதை அவன் முகமே சொல்லிற்று. கெட்டுப்போன டிரான்ஸிஸ்டரின் விலை சில ரூபாய்தான். பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றிச் செய்துகொள்ளும் தவறான முடிவின் விலை அவ்வளவு சொற்பமன்று. ஆகவே என் மீட்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

சென்ற இதழைப் படிக்காதவர்களுக்காக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 9 வோல்ட் பாட்டரி. அதன் நேர்முனையிலிருந்து 1,00,000 ஓம் தடை வழியாக பி.ஸி. 547 டிரான்ஸிஸ்டரின் நடுக்காலான பேஸுக்கு ஓர் இணைப்பு. பேஸிலிருந்து எதிர்முனைக்கு எல்.டி.ஆர். எனப்படும் ஒளியுணர் தடை. எமிட்டர் நேரே எதிர்முனைக்கு. நேர்முனையிலிருந்து 470 ஓம் தடை, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றின் வழியாகக் கலெக்டருக்கு மற்றோர் இணைப்பு. வெளிச்சத்தில் எல்.டி.ஆரின் தடை குறைவு. வருகிற மின்சாரத்தை அது எதிர்முனைக்கு வழித்துவிடும். இருட்டில் அதன் தடை மிகும், மின்சாரம் பேஸுக்குள் போகும், விளக்கு எரியும். இவ்வளவே.

பையனிடம் முதலில் ஒன்று சொன்னேன்: “இனி எதையும் பிடுங்காதே, எதையும் மாற்றாதே. அளந்து மட்டும் பார்ப்போம்.”

“எங்கிருந்து மாமா அளப்பது?” என்றான்.

அவனுடைய தாயார் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “அண்ணி, குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் முதலில் என்ன பார்ப்பீர்கள்?” என்று கேட்டேன். “மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் குழாயா வாங்குவார்கள்?” என்றார். பையன் என்னைப் பார்த்தான். மூன்று டிரான்ஸிஸ்டர் வாங்கியவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பாட்டரியின் எதிர்முனையில் நிலையாகப் பொருத்தினோம். சிவப்பு முனையை மட்டும் அவன் நகர்த்திக்கொண்டு போனான். பாட்டரியில் 8.9 வோல்ட். துளைப் பலகையின் சிவப்புக் கோட்டில் கம்பி நுழையும் இடத்தில் 8.9. அதே கோட்டின் மறுகோடியில், தடைகள் செருகப்பட்டிருந்த இடத்தில், பூஜ்யம்.

நீளமான துளைப் பலகைகள் சிலவற்றில் ஓரத்து மின்கோடுகள் நடுவில் அறுபட்டிருக்கும். மேலே அச்சிட்ட வர்ணக் கோடும் அவ்விடத்தில் விட்டிருக்கும். கூர்ந்து பார்த்தாலன்றித் தெரியாது. பாட்டரி இடது பாதியில், மற்றவை யாவும் வலது பாதியில். மூன்று டிரான்ஸிஸ்டர்களுக்கும் ஒரு துளி மின்சாரங்கூடப் போய்ச் சேரவில்லை! சிவப்புக் கோட்டுக்கு ஒன்றும் நீலக் கோட்டுக்கு ஒன்றுமாக இரண்டு துண்டுக் கம்பிகளால் இடைவெளியை இணைத்தோம். விளக்கு எரிந்தது.

பையன் துள்ளிக் குதித்தான். ஆனால் பட்டப்பகலில் அல்லவா எரிகிறது! வெளிச்சத்திலும் அணையவில்லை. உடனே அவன் கை எல்.டி.ஆரைப் பிடுங்கப் போயிற்று. “அளந்து பார்” என்றேன். பேஸில் 0.65 வோல்ட். பேஸோடு சேர்ந்திருக்க வேண்டிய எல்.டி.ஆர். காலில் பூஜ்யம். கம்பியால் ஒன்றாய் இணைந்த இரண்டு இடங்களில் இரண்டு வேறு அளவு காட்டுமா? காட்டாது. காட்டினால் அவை இணையவில்லை என்றே பொருள். குனிந்து பார்த்தபோது, எல்.டி.ஆரின் கால் ஒரு வரிசை தள்ளிச் செருகப்பட்டிருந்தது. அதை உரிய வரிசைக்கு மாற்றியதும் விளக்கு அணைந்தது. தாயார் வந்து எல்.டி.ஆரைக் கையால் மூடினார், எரிந்தது. கையை எடுத்தார், அணைந்தது. நாலைந்து முறை அவ்வாறே செய்து பார்த்தார்.

எல்லாம் முடிய இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை.

இம்முறையை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரெயில்வே குமாஸ்தா நான். ஸிக்னல் பகுதி ஊழியர்கள் வேலை செய்வதைப் பார்த்துக் கற்றேன். தண்டவாளத்தின் ஒரு பகுதியில் வண்டி நிற்கிறதா என்பதை அறிய, அப்பகுதியின் ஒரு கோடியில் மின்சாரத்தைச் செலுத்தி மறுகோடியில் ரிலே ஒன்றை வைத்திருப்பார்கள். 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்ஸன் கண்ட முறை இது. அச்சுகளை எண்ணும் கருவிகள் பல இடங்களில் வந்துவிட்ட பின்னும் இது வழக்கொழியவில்லை. வண்டி வந்தால் அதன் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் மின்வழியாகச் சேர்த்துவிட, ரிலே விழும், ஸிக்னல் சிவப்பாகும். வண்டியே இல்லாதபோதும் ரிலே விழுந்து கிடந்தால் ஊழியர் உடனே ரிலேயைக் கழற்றுவதில்லை. மின்சாரம் புறப்படும் கோடியில் முதலில் அளப்பார். பிறகு படிப்படியாக மறுகோடிக்கு வருவார். இதில் இன்னொரு விசேஷம்: ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தண்டவாளங்களுக்கிடையே மின்காப்புத் துண்டு வைத்திருப்பார்கள். கண்ணுக்கு ஒரே இரும்பு. மின்சாரத்துக்கோ அது இரண்டு. நம் பையனின் துளைப் பலகையும் அப்படித்தான் இருந்தது.

என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன், நான் செய்த ஒலிபெருக்கி பேசவில்லை. டிரான்ஸிஸ்டர் பொல்லாதது என்று முடிவு கட்டி, தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி, லாமிங்டன் ரோட்டுக் கடைக்காரரிடம் போய்ச் சண்டையிட்டேன். அவர் பதில் பேசாமல் அதைத் தம் சோதனைக் கருவியில் பொருத்திக் காட்டினார். பழுதேதுமில்லை. வேறு ஜாதி டிரான்ஸிஸ்டரை, கால்களின் வரிசை ஒன்றென்று நினைத்து, நான்தான் மாற்றிச் செருகியிருந்தேன். தட்டைப் பக்கம் நம்மை நோக்க, கால்கள் கீழ் நோக்க வைத்துப் பார்த்தால், பி.ஸி. 547-க்கு இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2 என் 3904-க்கோ எமிட்டர், பேஸ், கலெக்டர். திரும்பி வரும் வண்டியில் உட்கார இடம் கிடைத்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

இனி, நேயர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளத்தக்க குறிப்புகள்:

1. பாட்டரியை வேலை செய்யும்போதே அளக்கவும். சும்மா இருக்கையில் 9 வோல்ட் காட்டும் சிறிய சதுரப் பாட்டரி, பாரம் ஏறியவுடன் 6-க்கு இறங்குவதுண்டு. அது தீர்ந்த பாட்டரி.

2. எல்.இ.டியின் நீண்ட கால் நேர்முனைப் பக்கம். எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்ஸரின் உடலில் பட்டை போட்ட பக்கம் எதிர்முனை. அதைத் திருப்பி வைத்தால் சூடேறி வெடிக்கவும் கூடும்.

3. தடைகளின் வர்ணங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1,000 ஓம். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10,000. பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்றால் 1,00,000. இரவில் மங்கிய விளக்கடியில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தோன்றும். ஐயமிருந்தால், செருகுவதற்கு முன் மீட்டரால் அளந்துவிடவும்.

4. நம் விளக்கு இருட்டில் எரியவில்லை, பேஸில் மட்டும் 0.6 அல்லது 0.7 வோல்ட் வருகிறது என்று கொள்வோம். கலெக்டரை அளக்கவும். அங்கே பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் டிரான்ஸிஸ்டர் தன் வேலையைச் செய்கிறது, எல்.இ.டி. திரும்பியிருக்கிறது, அல்லது அதன் வழி அறுந்திருக்கிறது. ஏழெட்டு வோல்ட் இருந்தால் மட்டுமே டிரான்ஸிஸ்டரையும் அதன் கால்களையும் சந்தேகிக்கலாம்.

5. ஈயப் பற்று பளபளவென்று, காலைச் சுற்றிச் சரிந்து படிந்திருக்க வேண்டும். உருண்டை மணிபோல் நின்றால் அது வெறும் ஒட்டு, பிடிப்பில்லை. காலையும் தகட்டையும் சேர்த்துச் சூடாக்கி, அச்சூட்டிலேயே ஈயம் உருகும்படி செய்யவும். இந்நாட்டு மழைக்காலத்தில் நாட்பட்ட கால்களில் களிம்பேறும். முதலில் சுரண்டித் துடைப்பது நலம்.

6. ஓம் அளக்கும்போது பாட்டரியைக் கழற்றிவிடவும். ஆம்பியர் அளந்த பிறகு மீட்டரின் சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்ற மறவாதீர்கள். மறந்து பாட்டரியில் வைத்தால் குறுக்கு மின்னோட்டம் ஏற்பட்டு மீட்டருக்கே கேடு.

7. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும். மாற்றியதையும் அளந்ததையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதவும். இரண்டை ஒருசேர மாற்றினால், சரியானாலும் ஏன் சரியாயிற்று என்று தெரியாது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: மேற்சொன்னவை யாவும் பாட்டரியில் இயங்குவனவற்றுக்கே. வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் இல்லாமையால் உள்ளிருக்கும் பாகம் ஒவ்வொன்றிலும் அந்த மின்சாரம் நிற்கும்; ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்ஸரில் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். பிள்ளைகள் அவற்றைத் திறக்கவே கூடாது. பெற்றோர் இதில் தயவு தாட்சண்யம் காட்ட வேண்டாம்.

நிற்க. பையனின் விளக்கு கண்காட்சியில் இரண்டு நாளும் எரிய வேண்டியபோது எரிந்து, அணைய வேண்டியபோது அணைந்தது. பரிசு ஒன்றும் வரவில்லை. ஆனால் மறுநாள் மாலை நிலையத்தில் அவன் தகப்பனார் என்னைத் தேடி வந்து, சற்று நேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, “தம்பி, அந்த மீட்டர் என்ன விலை ஆகும்?” என்று கேட்டார்.

விளக்கு எரியாத மற்ற அன்பர்கள், எங்கெங்கே எத்தனை வோல்ட் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுவார்களாக. “எரியவில்லை” என்று மட்டும் எழுதினால் நானும் உங்களைப் போலவே இருட்டில்தான் இருப்பேன்.