கறுப்பு மருதோன்றி என்று ஒன்று இல்லை

கறுப்பு மருதோன்றி என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுவது மருதோன்றியே அல்ல. அது தலைமயிருக்குப் பூசும் சாயம். இதை இவ்வளவு வெளிப்படையாக எழுத வேண்டிய நிலை வந்ததற்கு நாம் அனைவரும் வெட்கப்பட வேண்டும்.

சில காலத்துக்கு முன் கதிரவெளியில் ஒரு திருமண வீட்டுக்குப் போயிருந்தேன். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியால் வாகரையையும் கடந்து வடக்கே சென்றால் வரும் கரையோரக் கிராமம் அது. முற்றத்தில் பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் வலது கையை நெஞ்சோடு அணைத்தபடி ஒதுங்கி நின்றாள். அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். முந்திய கிழமை வேறொரு கொண்டாட்டத்துக்காகப் புறங்கையில் வரைந்த கொடியும் பூவும், கோடு பிசகாமல், கொப்புளங்களாக எழுந்து நீர் கசிந்துகொண்டிருந்தன.

“கடையில வித்ததத்தான் மனே பூசின. ஒரு மணித்தியாலத்தில கறுத்துப்போச்சு. நல்ல சாமான் எண்டு நினைச்சம்” என்றார் அவளது அம்மம்மா.

வெறுமையான கூம்பை எடுத்துக் காட்டினார்கள். அதில் மணப்பெண்ணின் படம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்தும் இல்லை.

ஒரு மணித்தியாலத்தில் கறுத்தது என்ற அந்த ஒரு வாக்கியமே போதிய சாட்சியம். தமிழகத்தார் மருதாணி என்றும், கிழக்கின் முஸ்லிம் சகோதரர்கள் மருதோண்டி என்றும் சொல்லும் இந்த இலையில் உள்ள சாயப்பொருளின் பெயர் லோசோன். உலர்ந்த இலையின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு. அது தோலின் மேற்படையிலுள்ள கெரற்றின் என்ற புரதத்தோடு மெதுவாகப் பிணைகிறது. கழுவியதும் தெரிவது செம்மஞ்சள்தான். பிறகு காற்றுப்பட்டு, 24 முதல் 48 மணித்தியாலங்களில் ஆழ்ந்த செம்மையாகவோ கபிலமாகவோ முதிர்கிறது. மை போன்ற கறுப்பு இந்த இலையில் இல்லை. எனவே உடனடியாகக் கறுக்கும் கூம்பில் வேறேதோ கலந்திருக்கிறது என்று பொருள்.

அந்த வேறேதோ பெரும்பாலும் பரா-பினைலீன்டையமீன், சுருக்கமாகப் பி.பி.டி. அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2006இல் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் தலைமயிர்ச் சாயத்தில் இதனை 2 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. தோலில் பூசும் பொருள்களில் அனுமதியே கிடையாது. நம் ஊர்களிலோ குழந்தையின் கையில் அளவறியாமல் பூசுகிறோம்.

கொப்புளம் ஆறிவிடும். தழும்பும் மங்கக்கூடும். ஆனால் உடல் ஒருமுறை இதனைப் பகையென்று அடையாளம் கண்டுகொண்டால் பெரும்பாலும் ஆயுள்வரை மறப்பதில்லை. அச்சிறுமி நாளை தலைக்குச் சாயம் பூசினால் முகம் வீங்கலாம். சில துணிச் சாயங்களும், சிலவகை மரப்பு மருந்துகளும்கூட அவளுக்கு ஒவ்வாமற் போகலாம். ஒரு நாள் அலங்காரத்துக்கு ஒரு பிள்ளை கொடுக்கும் விலை இது.

‘இலைக்கு நிறம் பிடிப்பதில்லை, அதனால்தான் கூம்பு வாங்குகிறோம்’ என்பார்கள். நான் இதை ஏற்கமாட்டேன். நமக்கு இல்லாமற் போனது பொறுமையே.

பச்சை இலையைத் தண்ணீர் மிகக் குறைத்து, சிறிது தேசிக்காய்ப் புளி விட்டு, அம்மியில் மைபோல அரையுங்கள். உலர்ந்த பொடியானால் தேசிக்காய்ச் சாற்றில் குழைத்து ஓர் இரவு மூடி வையுங்கள்; புளிப்பில் ஊறும்போதே லோசோன் வெளிப்படும். எண்ணெய்ப்பசை போகக் கைகளைக் கழுவித் துடைத்துவிட்டுப் பூசுங்கள். காயத் தொடங்கும்போது சீனி கரைத்த தேசிக்காய்ச் சாற்றைத் தொட்டுவைத்தால் உதிராது. ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமல், முடிந்தால் இரவு முழுவதும் விடுங்கள். கை சூடாக இருக்கட்டும். காலையில் தண்ணீரில் கழுவாமல் சுரண்டி எடுத்துத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். ஒரு நாள் தண்ணீரும் சவர்க்காரமும் படாமற் பாருங்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே இதைச் செய்துவிட வேண்டும். ஒன்று முதல் மூன்று கிழமை வரை நிறம் நிற்கும். நகத்தில் பட்டது, நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை போகாது.

உள்ளங்கை புறங்கையைவிடச் சிவப்பதற்குக் காரணம் அங்கே தோலின் மேற்படை தடித்திருப்பது. மருமகளின் கை சிவந்தால் மாப்பிள்ளைக்கு அவள்மேல் ஆசை அதிகம் என்று கேலி பேசுகிறோமே, அது வெறும் கேலி. வேலை செய்து தடித்த கைதான் நன்றாகச் சிவக்கும்!

இயற்கை என்றாலே ஆபத்தில்லை என்றும் நான் வாதிடவில்லை. ஜி6பிடி என்ற நொதியக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அசல் மருதோன்றியே செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடும். கைக்குழந்தைக்குப் பூசவே வேண்டாம்.

வியாபாரிகள் என்ன சொல்வார்கள்? ‘சனங்கள் கேட்பதை விற்கிறோம்.’ சனங்கள் கேட்டது மருதோன்றி. நீங்கள் விற்றது மயிர்ச்சாயம். இன்னொன்றும் கேட்கிறேன். அசல் மருதோன்றிக் குழம்பு குளிரூட்டாமல் வைத்தால் சில நாள்களிலேயே நிறமளிக்கும் வலுவை இழந்துவிடும். மாதக்கணக்கில் உங்கள் தட்டில் வெயில் காயும் கூம்பு எப்படி உடனே நிறம் தருகிறது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, பண்டங்களின் சுட்டி எப்படி இருக்க வேண்டுமெனப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் உண்டு. உள்ளடக்கம் எழுதப்படாத கூம்பைக் கண்டால் முறையிடுங்கள். கொப்புளம் எழுந்தால் வீட்டுப் பரிகாரம் தேடாமல் வைத்தியரிடம் போங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து விடுமுறைக்கு ஊர் வரும் உறவுகளே, பிள்ளைகளின் கையை நீட்டுமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

கதிரவெளியில் அந்த அம்மம்மாவின் வளவில் முன்பு மருதோன்றி வேலி இருந்ததாம். 2004 ஆழிப்பேரலையும் 2006இன் இடப்பெயர்வும் கடந்து திரும்பி வந்தபோது வேலியே இல்லை. இன்று முட்கம்பி நிற்கிறது. வறட்சியைத் தாங்கும் செடி அது; தடி வெட்டி நட்டாலே துளிர்க்கும். அடுத்த மாரி மழைக்கு அந்த முட்கம்பியோரம் ஒரு தடி நடச் சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் வளவிலும் ஒன்றை நட்டுவையுங்கள்.