குதிரைத்திறனும் உள்ளங்கையளவு ரப்பரும்

சென்ற வாரம் எங்கள் ஆய்வகத்திற்கு வந்த இளநிலை மாணவர் ஒருவர் ஒரு கேள்வியோடு என் மேசையருகே நின்றார். உறவினரின் ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி 40 குதிரைத்திறன் கூட்டியிருக்கிறார்கள். ஆனால் கால் மைல் ஓட்டத்தில் நேரம் குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. "ஏன் அண்ணா இப்படி?" என்றார். விடை சொல்லும் முன், எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். புறவழிச்சாலை, நள்ளிரவு கடந்து இரண்டு மணி.

அவர் கேட்டது இயற்பியல் கேள்வி. நான் கேட்டது ஒழுக்கம் பற்றிய கேள்வி என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். இவ்விரண்டும் ஒரே கேள்வி என்பதே இப்பதிவின் வாதம்.

பள்ளிப் பாடநூலில் நாம் படித்த உராய்வு விதியிலிருந்து தொடங்குவோம். 1699-இல் அமோன்டன் முன்வைத்து, பின்னர் கூலும் விரித்துரைத்த அவ்விதியின்படி உராய்வு விசை செங்குத்துச் சுமைக்கு நேர்விகிதத்தில் அமையும்; தொடுபரப்பின் அளவைச் சாராது. இது முழு உண்மையானால் பந்தயக் கார்களுக்கு அகன்ற டயர் எதற்கு? வகுப்பில் இக்கேள்வியை எழுப்பிய மாணவர் பலர், "அது வேறு" என்ற ஒற்றை விடையோடு உட்கார வைக்கப்பட்டிருப்பார்கள்.

உலோகத்தைப் போன்றதன்று ரப்பர். அது மீள்தன்மையும் பாகுத்தன்மையும் கலந்த பொருள். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து, உருமாறி, ஆற்றலை இழந்துதான் அது பற்றுகிறது. மூலக்கூற்று ஒட்டுதலும் உடன் சேர்கிறது. ரப்பரின் உராய்வு வேகத்தையும் வெப்பத்தையும் எவ்வாறு சார்ந்துள்ளது என்பதை 1963-இல் குரோஷ் தம் சோதனைகளால் காட்டினார். அழுத்தம் கூடக்கூட ரப்பரின் உராய்வுக் கெழு குறைகிறது. எனவே அதே சுமையை அகன்ற பரப்பில் பரப்பி வைத்தால் பிடிமானம் கூடும். மென்மையான ரப்பரும் அகன்ற தொடுபரப்பும் பந்தயத்தில் கோலோச்சுவது இதனால்தான்.

இனி ஒரு சிறு கணக்கு. உராய்வுக் கெழு 1 என்றும், காரின் முழு எடையும் இயக்கும் சக்கரங்களின்மேல் இருக்கிறது என்றும் கொள்வோம். அப்போது பெறக்கூடிய உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்திற்குச் சமம். அந்த முடுக்கத்தில் கால் மைலை, அதாவது 402 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 9.06 நொடி ஆகும். எல்லைக்கோட்டில் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரை எட்டியிருக்கும். 2023-இல் வெளிவந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன் 170 என்னும் சாலை உரிமம் பெற்ற கார் 8.91 நொடியில் இத்தூரத்தைக் கடந்தது. ஆனால் அதன் இறுதி வேகம் மணிக்கு 243 கிலோமீட்டர் மட்டுமே. இறுதியில் இவ்வளவு மெதுவாக இருந்தும் நேரத்தில் பின்தங்கவில்லை என்றால், தொடக்கத்தில் அது புவியீர்ப்பை விஞ்சிய முடுக்கத்தைப் பெற்றிருக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறனைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அத்திறனைத் தரையில் இறக்கியவையோ டிராக் பந்தயத்திற்கென்றே வார்க்கப்பட்ட மென்மையான பின்டயர்களும், பிசின் தெளித்து ரப்பர் படியவிடப்பட்ட தடமும்.

மாணவரின் காருக்கு வருவோம். அது முன்சக்கர இயக்கம் கொண்டது. முடுக்கத்தின்போது சுமை பின்னோக்கிப் பெயர்கிறது. ஈர்ப்புமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், முன்பின் அச்சுகளுக்கிடையே 2.6 மீட்டரும் உள்ள காரை எடுத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 1 எனில், எடையில் பாதியைப் பின்னால் தாங்கும் பின்சக்கர இயக்கக் கார் புவியீர்ப்பில் 0.62 பங்கு முடுக்கத்தைப் பெறும். 60 விழுக்காடு எடை முன்னால் இருந்தும், முன்சக்கர இயக்கக் கார் பாதியளவே பெறும். மிதிக்க மிதிக்க அதன் பிடிமானம் அதைவிட்டு நழுவுகிறது. அங்கே கூட்டப்பட்ட 40 குதிரைத்திறன் சக்கரத்தை வெறுமனே சுழற்றவே பயன்பட்டது.

டயர் ஓரளவு வழுக்கும்போதுதான் உச்சப் பிடிமானம் கிடைக்கும். சாதாரணச் சாலை டயரில் அது ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டு வழுக்கலில் அமைகிறது. அதைத் தாண்டிப் புகை கிளம்பினால் காண்பவர்க்குக் களிப்பு, ஓட்டுபவர்க்கு இழப்பு. ஆகவே பிடிமானத்தைக் கூட்ட விரும்புபவர் முதலில் செலவிட வேண்டியது எஞ்சினில் அன்று, டயரில். அடுத்தது டிஃபரன்ஷியல்: சாதாரண வகையில், பிடிமானம் குறைந்த சக்கரம் தாங்கும் அளவே மற்றச் சக்கரத்திற்கும் முறுக்குவிசை கிடைக்கும்; வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை இக்குறையைத் தீர்க்கும். பின்னர் சஸ்பென்ஷன். இறுதியாக, அல்லது முதன்மையாக, ஓட்டுநரின் வலது கால். முதல் 60 அடியில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு பத்திலொரு நொடியும் எல்லைக்கோட்டில் அதனினும் பெரிய ஆதாயமாக வளர்கிறது என்பது பந்தயக்காரர்களின் நெடுநாள் அனுபவம்.

காற்றழுத்தத்தைக் குறைத்தால் போதும் என்னும் அறிவுரை இணையமெங்கும் உலவுகிறது. மடிந்து நெளியும் பக்கச்சுவர் கொண்ட டிராக் டயருக்கு அது பொருந்தும். விறைப்பான பக்கச்சுவர் கொண்ட சாலை ரேடியலில் அளவு மீறிக் குறைத்தால் தொடுபரப்பின் நடுப்பகுதி சுமையை இழக்கும், ஓரங்கள் மட்டுமே தாங்கும். அதே அழுத்தத்தில் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொட்டால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கவும் கூடும். பாதி அறிவின் விலை இத்தகையது.

இங்கேதான் இரு கேள்விகளும் ஒன்றாகின்றன. பிடிமானம் என்பது டயருக்கு மட்டுமே உரிய பண்பன்று. டயருக்கும் தரைக்கும் இடையிலான உறவு. புறவழிச்சாலையில் அவ்வுறவின் மறுபாதி நம் கையில் இல்லை. லாரி சிந்திய டீசல், காற்று கொணர்ந்த மணல், வழவழப்பான வெள்ளைக்கோட்டுச் சாயம், இரவுப் பனி ஆகியவை மீட்டருக்கு மீட்டர் உராய்வுக் கெழுவை மாற்றுகின்றன. இடச் சக்கரம் சாயத்திலும் வலச் சக்கரம் தாரிலும் இருக்கும் கணத்தில் கார் எத்திசையில் திரும்பும் என்பதை எந்த மென்பொருளும் உறுதியாகச் சொல்லாது. எல்லைக்கோட்டுக்குப் பின் வேகம் தணிக்கவும் அதே பிடிமானம்தான் தேவை. அங்கே ஒரு கன்றுக்குட்டியோ, விளக்கில்லாத மிதிவண்டியோ, பணி முடித்துத் திரும்பும் ஒருவரோ இருக்கலாம். பிடிமானத்தை உண்மையாகக் கற்றவர் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்ட மாட்டார். சட்டத்திற்கு அஞ்சி அன்று. தம் சமன்பாட்டின் பாதி தமக்குத் தெரியாது என்பதை அறிந்திருப்பதால்.

சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, 2019 திருத்தத்தின்படி, முதல் குற்றத்திற்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ விதிக்க இடமளிக்கிறது. கல்வி நிறுவனங்களும் தடைச் சுற்றறிக்கை ஒட்டித் தம் கடமை முடிந்தது என்று கருதுகின்றன. தடை தேவையே. ஆனால் தடை மட்டும் எதையும் கற்பிப்பதில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் லோனாவாலா அருகே ஆம்பி வேலி விமான ஓடுதளத்திலும் முறையான டிராக் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. இயந்திரவியல் துறைகள் ஆண்டுக்கு ஒரு நாளேனும் மாணவர்களை அத்தகைய களத்திற்கு அழைத்துச் சென்று, தலைக்கவசமும் மருத்துவ ஊர்தியும் அளவீட்டுக் கருவிகளுமாக, சுமைப் பெயர்ச்சியை அவர்களே அளக்கச் செய்தால் என்ன? அமோன்டனின் விதி எங்கே உடைகிறது என்பதைக் கற்பிக்க அதைவிடச் சிறந்த ஆய்வகம் உண்டா?

அன்று அம்மாணவரை நான் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் போயிருப்பார், அடுத்த முறை என்னிடம் கேட்காமல் காணொளியிடம் கேட்டிருப்பார். ஒரு தாளை எடுத்து முன்சக்கரச் சுமையின் சமன்பாட்டை எழுதச் சொன்னேன். எழுதி முடித்து, உராய்வுக் கெழுவுக்கு என்ன மதிப்பு இடுவது என்று கேட்டார். "அந்தச் சாலைக்கு என்ன மதிப்பு இடுவீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. தாள் என் மேசைமேல்தான் உள்ளது.

இதை வாசிக்கும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் துறையில் இத்தகைய களப்பயிற்சி நடந்திருந்தால் அனுபவத்தைக் கீழே பகிருங்கள். நடக்கவில்லையெனில் எது தடுத்தது என்பதையும் எழுதுங்கள்.