மீள்வருகையை எந்தத் தராசில் நிறுப்பது?

நெடுங்காலம் மௌனமாயிருந்த ஹிப்-ஹாப் குழு ஒன்று புதிய ஆல்பத்தோடு திரும்பும்போதெல்லாம் ரசிகர்கள் இரு அணியாகப் பிரிகின்றனர். ‘பழைய ஓசை இதில் இல்லை’ என்பது ஓர் அணியின் குறை. ‘அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள்’ என்பது மற்றதன் குறை. இரண்டும் எதிரெதிர் நிலைபோலத் தோன்றினாலும் அளவுகோல் ஒன்றே: இரு அணியினரும் புதிய ஆல்பத்தைப் பழைய ஆல்பத்தை வைத்தே நிறுக்கின்றனர். இந்தத் தராசு சரியானதா என்று ஆராய்வதற்குக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் இணைத்தது. அதன் பெயர் அயோத்திதாசர் முன்வைத்த ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்னும் கருத்திலிருந்து பிறந்தது. அக்குழுவில் பாடிய அறிவு பின்னர்த் தனிப்பாதை அமைத்து, 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ தொகுப்பை வெளியிட்டார். ‘2018இன் குழு அப்படியே திரும்ப வேண்டும்’ என்று ஏங்கும் ரசிகர் உண்மையில் எதைக் கேட்கிறார்?

விடைக்கான ஒரு தடயம் தங்கவயலிலேயே இருக்கிறது. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழ் பின்னர் ‘தமிழன்’ எனப் பெயர்பெற்றது. அவ்விதழுக்கு மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிச் சுரங்கத் தொழிலாளரிடையே உறுதியான வாசகர் வட்டம் இருந்தது. 1914இல் அவர் மறைந்தபின் இதழ் தளர்ந்து நின்றது. 1926இல் ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். அந்த இரண்டாம் ‘தமிழன்’ முதலாவதன் நகல் அன்று. பௌத்தத்தைக் கைவிடாமலே, அக்காலத்தில் எழுந்துவந்த சுயமரியாதை இயக்கத்தோடும் அது உரையாடியது. பழைய இதழின் நடையை அப்படியே பின்பற்றியிருந்தால் அது நினைவு மலராக முடிந்திருக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைக் காதில் வாங்கியதாலேயே அது மீண்டும் இதழாயிற்று.

‘எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்’ குழுவின் கடைசி ஆல்பமும் இதையே உணர்த்துகிறது. 1998க்குப் பின் 18 ஆண்டுகள் கழித்து, 2016 நவம்பரில், அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த சில நாள்களில் அது வெளிவந்தது. குழுவின் ஃபைஃப் டாக் அவ்வாண்டு மார்ச்சிலேயே காலமாகியிருந்தார். அவர் பதிவுசெய்துவைத்த குரல் ஆல்பத்தில் ஒலிக்கிறது. அந்த இழப்பையும் அவ்வாண்டின் வெறுப்பரசியலையும் அது ஒருசேர எதிர்கொண்டது. பழைய புகழ் அதற்குக் கேட்பவரைத் திரட்டித் தந்திருக்கலாம். நிலைத்த மதிப்பைத் தந்தது இந்த எதிர்கொள்ளலே.

ஆயினும் பழைய ஓசையைக் கேட்கும் ரசிகரை எளிதில் புறந்தள்ளலாகாது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் தோண்டிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஊரின் பெயரை ஒரு வணிகத் திரைப்படம் உலகறியச் செய்தது; சுரங்கத்தில் இறங்கிய தமிழ்த் தலித் தொழிலாளரின் வரலாறோ அதில் இடம்பெறவில்லை. கண்ணெதிரே யாவும் கைநழுவிப்போன மக்கள், ஒரு பாடலாவது மாறாதிருக்கட்டும் என்று விரும்புவது இயல்பு. அந்த விருப்பம் வெறும் ரசனைப் பழக்கம் அன்று, இழப்பின் மொழி.

எனினும் இழப்புக்கு மாற்றாகப் பழைய ஓசையின் நகலைத் தருவது சந்தைக்கு மிக எளிது. தங்கவயலில் சயனைடு மேடுகள் நிற்கின்றன. பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண்ணே அவை. அவற்றில் எஞ்சிய தங்கத்தை மீண்டும் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்தது. அரைத்ததை மீண்டும் அரைப்பதில் பிழையில்லை. அதிலும் தங்கம் கிடைக்கும். அந்தத் தங்கம் யாருக்குப் போகும், காற்றில் கிளம்பும் புழுதியை யார் சுவாசிப்பார் என்பதே கேள்வி.

மீள்வருகை ஆல்பத்திடமும் இக்கேள்வியையே கேட்க வேண்டும். ‘பழையதைப் போல் இருக்கிறதா?’ என்பதைச் சற்று ஒதுக்கிவைக்கலாம். குழு மௌனமாயிருந்த ஆண்டுகளில் அதன் மக்களுக்கு என்ன நேர்ந்தது, அது பாட்டுக்குள் வந்திருக்கிறதா, அந்தப் பாட்டால் கிடைக்கும் பெயரும் பொருளும் எவரைச் சேர்கின்றன என்று ரசிகர்கள் விவாதிக்கட்டும். அப்போது அவ்விவாதம் ரசனைச் சண்டையைக் கடந்து சமூக விமர்சனமாகும்.