பிளக்குக்குப் பவுசு... பிரேக்குக்குக் கஞ்சத்தனமா?

"முன் பிரேக் பேடு என்ன ரேட்டுண்ணே?"

"கம்பெனி அயிட்டம்னா ஆயிரத்து ஐநூறு. லோக்கல்ல பாதிதான். எது போடட்டும்?"

"லோக்கலே குடு. ஓடுற வரைக்கும் ஓடட்டும்!"

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மாலை நேரத்தில் கொஞ்சம் நின்றால் போதும். இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும். பேடு வாங்கியவர் அடுத்துக் கேட்பதுதான் வேடிக்கை.

"அந்த இரிடியம் பிளக் இருக்கா? நாலு குடு. பிக்-அப் சும்மா பிச்சுக்குமாமே!"

தலைகீழ்க் கணக்கு! 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடிக் களைத்த வண்டி. செலவு செய்ய வேண்டிய இடத்தில் கையை இழுத்துக் கொள்கிறார்கள். தேவையில்லாத இடத்தில் பர்சைத் திறக்கிறார்கள்.

பிளக் கெட்டுப் போனால் என்ன ஆகும்? வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்கும். பெட்ரோல் குடிக்கும். மிஞ்சிப் போனால் அண்ணா சாலை நடுவே நின்று, பின்னால் வருகிறவரிடம் திட்டு வாங்கித் தரும். அவ்வளவுதான்.

பிரேக் கெட்டுப் போனால்? 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரே வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் பாய்கிறது. மாநகர பஸ்சின் நீளத்தை விட அதிகம்! அந்தத் தூரத்துக்குள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை இருக்கலாம். பூக்கூடையோடு சாலையைக் கடக்கும் அம்மா இருக்கலாம். அவர்கள் யாரும் மலிவு பேடு வாங்கச் சொல்லவில்லை.

பழசைக் கேளுங்கள்

புதுப் பிளக் வாங்குவதற்கு முன் பழைய பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது எஞ்சினின் ஜாதகம்! நுனி இளம் காப்பி நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம். காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் பில்டரைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக வெந்து போயிருந்தால் எஞ்சின் அளவு மீறிச் சூடாகிறது.

ஆயில் பட்டு ஈரமாக, கறுப்பாக இருந்தால்? ரிங் தேய்ந்திருக்கும், இல்லை வால்வு சீல் போயிருக்கும். பழைய வண்டிகளில் அடிக்கடி பார்க்கிற சங்கதி இது. அதில் தங்கத்தில் பிளக் செய்து போட்டாலும் சில வாரத்தில் மறுபடி கரி பிடிக்கும். கோளாறு பிளக்கில் இல்லை.

இரிடியம் பிளக் மோசமா என்றால், இல்லை. 1 லட்சம் கிலோ மீட்டர் வாக்கில் உழைக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் அதுதான் எழுதியிருந்தால் அதையே போட வேண்டும். ஆனால் சாதாரண நிக்கல் பிளக் என்று எழுதியிருக்கும் வண்டிக்கு, அதுவும் அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ விற்கப் போகிற வண்டிக்கு, எதற்காக இந்த ஜம்பம்? பழைய எஞ்சினுக்குக் குமரிப் பருவம் திரும்பாது சார்! 30 ஆயிரம், 40 ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு தரம் சாதாரண பிளக்கை மாற்றினால் தாராளம்.

நம்பர் விஷயத்தில்தான் உஷார் வேண்டும். பிளக் தாங்கும் சூட்டுக்கு ஒரு எண் உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏற 'கூல்' பிளக். பாஷ் பிளக்கில் அப்படியே நேர் எதிர், எண் ஏறினால் 'ஹாட்'! பழைய மெக்கானிக்குகள் இன்றும் 'மைக்கோ பிளக்' என்று கேட்பார்களே, அதே கம்பெனிதான். 2008-ல் பெயர் பாஷ் ஆகிவிட்டது. ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொரு கம்பெனி பிளக்கை எடுத்தால் கதை கந்தல். மரை நீளம் கூடினாலோ பிஸ்டனிலேயே போய் இடிக்கும்.

பிளக் 'கேப்'பைத் தரையில் தட்டிச் சரி செய்கிற கைராசிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரிடியம் பிளக்கை அப்படித் தட்டினால் மெல்லிய முனை உடைந்து, கொடுத்த பணம் அங்கேயே காலி. எஞ்சின் கொதிக்கும்போது பிளக்கைக் கழற்றுவதும் ஆகாது. அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும்.

'கிரீச்' சத்தம் எதற்கு?

பிரேக்குக்கு வருவோம். பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் 'கிரீச்' என்று கத்தும். எச்சரிக்கை மணி! நம்மாட்கள் என்ன செய்கிறார்கள்? ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள்.

லைனிங் கனம் 3 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டால் பேடு மாற்ற வேண்டியதுதான். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது படு முட்டாள்தனம். மிதித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இடது, வலது இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நேரம். டிஸ்க்கையும் அளந்து பார்க்க வேண்டும். எவ்வளவு தேயலாம் என்று அதிலேயே பொறித்திருப்பார்கள். 2 லட்சம் ஓடிய வண்டியில் பேடு புதுசு, டிஸ்க் அப்பளம் என்றால் என்ன பிரயோசனம்?

பின் சக்கரத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வீல் சிலிண்டர் கசிந்து பிரேக் ஷூ ஊறிப் போயிருக்கும். சிலிண்டரைப் பார்க்காமல் ஷூவை மட்டும் மாற்றினால் அதுவும் ஊறும். டிரம்மில் சேர்ந்த தூசியை ஏர் அடித்து ஊதுவதையும் பட்டறைகள் நிறுத்த வேண்டும். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது புற்றுநோய் தரும் சரக்கு. ஊதுகிற பையனுக்கு இதை யார் சொல்வது?

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும் வஸ்து. டாட்-4 ஆயில் புதுசாக இருந்தால் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் உத்தரவாதம் 155 டிகிரிக்குத்தான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது மிதித்து மிதித்துச் சூடேறி ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது! இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டிய ஆயிலை, வண்டி வாங்கியதிலிருந்து மாற்றாதவர்கள் எத்தனை பேர்?

ஓனர்களே, கேளுங்கள்

கால் டாக்சி டிரைவர்களைத் திட்டிப் பயனில்லை. "பேடு போயிடுச்சு சார்" என்றால் "இந்த மாசம் ஓட்டுப்பா, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்கிற ஓனர்கள் இருக்கிறார்கள். வாடகை மட்டும் தினம் தினம் கறாராக வந்துவிட வேண்டும்! வாடகைக் காருக்கு 8 வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதன்பின் வருஷா வருஷமும் எப்.சி. உண்டு. அன்றைக்கு மட்டும் பெயின்ட் அடித்து, கடன் வாங்கிய டயரை மாட்டிக் காட்டினால் போதுமா? மீதி 364 நாளும் அதே வண்டிதானே ரோட்டில் ஓடுகிறது?

கார் பிரேக் செய்யும் தொழிற்சாலைகள் பாடியிலும் அம்பத்தூரிலும் இருக்கின்றன. அந்தச் சென்னையிலேயே 'டூப்ளிகேட்' பேடு வாங்கி ஏமாறுவது வெட்கக்கேடு. அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று, போலி டிரேட் மார்க் போட்டுச் சரக்கு விற்றால் 1999-ம் ஆண்டுச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். ஆனால் கையில் பில் இல்லாமல் யார் மீது புகார் கொடுப்பது? "பில்லு போட்டா 18 பர்சென்ட் சார்" என்று கடைக்காரர் இழுப்பார். கொடுங்கள். பிரேக்குக்கு மட்டுமாவது கொடுங்கள்.

கடையை விட்டு இறங்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. கழற்றிய பழைய பிளக்கையும் காலி டப்பாவையும் பட்டறையிலேயே போட்டுவிட்டு வராதீர்கள். தேய்த்து மினுக்கிய பழைய பிளக், ஒரிஜினல் டப்பாவுக்குள் போனால் புதுச் சரக்கு! டப்பாவைக் கிழித்துப் போடுங்கள். பிளக்கின் பீங்கானைச் சுத்தியால் ஒரு தட்டு.